மில் ஷெட்டில் நிற்கும் தீயணைப்பு வண்டியை வாங்கலாமா?

கேள்வி இதுதான்: "அம்பத்தூர் பக்கம் மூடிக் கிடக்கும் ஒரு மில்லின் ஷெட்டில் பழைய லேலண்ட் தீயணைப்பு வண்டி ஒன்று நிற்கிறது. விலைக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கிச் சீர்செய்து பழைய கார் கண்காட்சிகளில் நிறுத்த ஆசை. சென்னையில் இருந்துகொண்டு இதெல்லாம் நடக்கிற காரியமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?"

நடக்கிற காரியம்தான். பழைய கார்களில் கை பழகியவர்கள் பலர் இந்தப் பக்கம் வராததற்குக் காரணம் இடமும் எடையும்தானே தவிர, வேலை தெரியாதது அல்ல. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீயணைப்பு வண்டி என்பது ஒரு லாரியும் ஒரு பம்பும் சேர்ந்தது. லாரியை ஓட வைத்து, சிவப்பு அடித்து, மணியைத் தேய்த்து மாட்டிவிட்டால் பார்க்க ஜோராகத்தான் இருக்கும். தண்ணீர் அடிக்கவில்லை என்றால் அது சிவப்பு லாரி, அவ்வளவுதான். ஆகவே பம்பு முதலில், பெயிண்ட் கடைசியில். நம் ஊரில் பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது. பெயிண்டிலேயே கைக்காசு தீர்ந்துபோய், பம்பு அப்படியே இறுகிக் கிடக்கும்.

பேரம் பேசுவதற்கு முன்னால் இடத்தைப் பாருங்கள். லேலண்ட் அளவு வண்டி என்றால் ஏழெட்டு மீட்டர் நீளம் இருக்கும், மேலே ஏணி வைத்தால் மூன்று மீட்டர் உயரம் வரும். அடுக்குமாடிக் குடியிருப்பில் பேச்சே இல்லை, தனி வீட்டு போர்ட்டிகோவிலும் நுழையாது. செங்குன்றம், பூந்தமல்லி, திருமழிசை பக்கம் வாடகைக்கு ஒரு ஷெட் கிடைத்தால் நல்லது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெரிந்தவர் தோட்டம் சும்மா கிடக்கிறதே என்று அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டாம். உப்புக் காற்றில் தகடு பொரிந்துவிடும், பித்தளை பச்சை பூத்துவிடும். ஷெட்டின் தரை தெருமட்டத்தைவிட உயர்ந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது காகிதம். பலர் சிக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மில் வண்டி என்பது ஒருவகையில் உங்களுக்கு அதிர்ஷ்டம். அரசுத் துறையின் பழைய வண்டிகள் தனியார் கைக்கு வருவது இப்போது ரொம்பக் கடினமாகிவிட்டது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசு விதிப்படி, மத்திய, மாநில அரசுகள், உள்ளாட்சி அமைப்புகள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றின் வண்டிகளுக்கு 15 வருடம் முடிந்ததும் பதிவு காலாவதியாகிவிடும். அப்புறம் அவை பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்துக்குத்தான் போக வேண்டும். நாட்டுப் பாதுகாப்பு, சட்டம் ஒழுங்கு வேலைகளுக்கான சிறப்பு வண்டிகளுக்குத்தான் விலக்கு. முன்பெல்லாம் இனி உதவாது என்று துறை கழித்துவிட்ட வண்டியை ஏலத்தில் எடுத்து வைத்துக்கொண்டவர்கள் உண்டு; அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிட்டது. மிஞ்சியிருப்பவை மில், சர்க்கரை ஆலை, ரசாயனத் தொழிற்சாலை என்று தனியார் வளாகங்களுக்குள் தூங்கிக்கொண்டிருப்பவை.

ஆனால் மில் வண்டிக்கும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. தொழிற்சாலைக்குள்ளோ மதில் சூழ்ந்த வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓடுவதற்கென்றே அமைந்த சிறப்பு வண்டியை மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் வாகனம் என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதனால் சில மில் வண்டிகளுக்கு ஆர்.சி. புத்தகம் என்ற ஒன்றே இருந்திருக்காது. ஆகவே முதல் கேள்வி "என்ன விலை?" அல்ல, "ஆர்.சி. இருக்கிறதா?" என்பதுதான். இருந்தால், படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கி, வண்டியாகவே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். "பழைய இரும்பு, இத்தனை டன்" என்று பில் போட்டுத் தருகிறேன், வரி மிச்சம் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். அந்த பில்லை வைத்துக்கொண்டு எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் வண்டிக்கு உயிர் கொடுக்க முடியாது. மில் திவாலாகி, சொத்துகள் நீதிமன்றம் நியமித்த அதிகாரியின் பொறுப்பில் இருந்தால், வாட்ச்மேனோடும் பழைய மேனேஜரோடும் பேசி முடிக்கிற பேரம் எதுவும் செல்லாது. அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சாலையில் ஓட்ட வேண்டும் என்றால் 2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதியைப் படித்துவிடுங்கள். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு அது பொருந்தும். சேசிஸ் என்னும் அடிச்சட்டம், பாடி, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிவதற்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புதுப் பதிவு என்றால் எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், எம்.எஸ்., டி.எம். என்று தொடங்கும் அந்தக் காலத்து எண் இருந்தால் விட்டுவிடாதீர்கள், வண்டியின் பாதி அழகு அதில்தான். கண்காட்சி, பேரணி, டீசல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்காகச் சாலையில் எடுக்கலாம். அன்றாட உபயோகமும் வாடகைக்கு விடுவதும் கூடாது.

இதில் உங்களுக்கு முக்கியமான இடம் ஒன்று உண்டு. அந்த விதி வணிகம் சாராத, சொந்த உபயோக வண்டிகளைப் பற்றித்தான் பேசுகிறது. தீயணைப்பு வண்டி அந்த வரையறைக்குள் வருகிறதா என்று உங்கள் ஆர்.டி.ஓ. எப்படி எடுத்துக்கொள்வார் என்பதை, பணம் கொடுத்த பிறகு அல்ல, முன்னாலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒத்துவரவில்லை என்றாலும் குடி முழுகிப்போகாது. தாழ்ந்த தளம் உள்ள லோ-பெட் டிரெய்லரில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுபோய் இறக்கலாம். வெளிநாடுகளிலேயே பலர் அப்படித்தான் செய்கிறார்கள். பழைய பிரேக்கை நம்பி ஜி.எஸ்.டி. சாலையில் இறங்குவதைவிட அதுவே மேல் என்பது என் கட்சி.

சைரனும் மேலே சுழலும் விளக்கும் பணியில் இருக்கும் அவசர வண்டிகளுக்கு மட்டும் உரியவை. சாலையில் போகும்போது விளக்கைத் துணியால் மூடி, சைரனின் ஒயரைக் கழற்றிவிடுங்கள். ஆசைக்கு ஒருமுறை அடித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றும். ஷெட்டுக்குள் அடித்துக்கொள்ளுங்கள்.

சரி, வண்டிக்கு வருவோம்.

எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் ஏ40 கார்களின் பாகங்களைக் கோத்து வண்டியாக்கும் வேலையைத்தான் செய்தது. பிறகு லேலண்டின் கோமெட் சேசிஸ் வந்தது, 1955-இல் கம்பெனியின் பெயரே அசோக் லேலண்ட் ஆனது. கோமெட் லாரியும் பஸ்ஸும் நாடு முழுக்க ஓடின, அந்தச் சேசிஸ்மேல் தீயணைப்பு பாடி கட்டிய வண்டிகளும் ஏராளம். உங்கள் வண்டி கோமெட்டாக இருந்தால், பிறந்த ஊரிலேயே அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின், ஊர் மெக்கானிக்குகளில் வயதானவர்களுக்கு மனப்பாடம். 8.25-20, 9.00-20 அளவு நைலான் டயர்கள் இன்றும் கடையில் கிடைக்கின்றன. இங்கிலாந்தில் டென்னிஸ் கம்பெனியின் ஒரு பழைய தீயணைப்பு வண்டியையோ அமெரிக்காவில் ஒரு பழைய மேக் வண்டியையோ வைத்திருப்பவர்கள் டயருக்குப் படும் பாடு நமக்கு இல்லை.

ஆனால் லாரியை மட்டும் பார்த்துவிட்டு விலை பேசாதீர்கள். தீயணைப்பு வண்டியில் பெரும்பாலும் மூன்று தகடுகள் இருக்கும்: சேசிஸ் செய்தவர் ஒருவர், பாடி கட்டியவர் இன்னொருவர், பம்பு செய்தவர் மூன்றாமவர். மூன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு பாடியைச் சுற்றி வாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி அப்பியிருக்கிறது அல்லது அலுமினியத் தகடு என்று அர்த்தம். கதவின் அடிப்பகுதியில் ஒரு ஸ்க்ரூடிரைவரை லேசாக அழுத்திப் பாருங்கள். அந்தக் காலத்து பாடிகளில் உள்ளே மரச் சட்டம், மேலே தகடு. மரம் உளுத்துப் போயிருந்தால் தகடு மட்டும் பெட்டி மாதிரி நின்றுகொண்டிருக்கும். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் மரச் சட்ட வேலை தெரிந்த பழைய ஆசாரிகள் இன்னும் ஓரிருவர் கிடைப்பார்கள். அவர்களைத் தேடிப் பிடிப்பதே தனி வேலை.

மீட்டரில் கிலோமீட்டர் ரொம்பக் குறைவாக இருக்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். மில் வண்டி ஓடவே ஓடியிருக்காது. ஆனால் என்ஜின் ஓடியிருக்கும். வாராவாரம் டிரில்லுக்காகக் குளிர்ந்த என்ஜினை உதைத்துக் கிளப்பி, எண்ணெய் மேலே ஏறுவதற்குள் ஆக்சிலேட்டரை அமுக்கி, நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் பம்பு ஓட்டியிருப்பார்கள். சிலிண்டர் தேய்மானம் அதில்தான். இன்னொரு பக்கம், நின்றுகொண்டே பம்பு ஓட்டும்போது ரேடியேட்டருக்குக் காற்று பத்தாது என்பதற்காகச் சில வண்டிகளில் பம்புத் தண்ணீரின் ஒரு கிளையை என்ஜின் குளிரூட்டலுக்குத் திருப்பியிருப்பார்கள். அந்தச் சின்னக் குழாய்கள் அடைத்துக்கொண்டிருந்தால் முதல் டெமோவிலேயே என்ஜின் சூடேறிவிடும். எந்தக் குழாய் எதற்கு என்று தெரியாமல் எதையும் வெட்டி எறியாதீர்கள்.

ஒருவேளை வண்டி பெட்ரோல் என்ஜினாக இருந்தால், பழைய பெட்ஃபோர்டு, ஃபார்கோ, வில்லிஸ் ஜீப் வகைகளில் அப்படி வரும், கார்புரேட்டரிலும் பெட்ரோல் பம்பிலும் உள்ள ரப்பர்களை மாற்றிவிடுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை ஊற வைத்துக் கெடுத்துவிடும். மாதக்கணக்கில் நிறுத்தும்போது டேங்கைக் காலி செய்துவிடுவது உத்தமம்.

இனி பம்பு. அது பெரும்பாலும் சென்ட்ரிஃபியூகல் பம்பு, அதாவது உள்ளே இம்பெல்லர் என்ற சக்கரம் சுழன்று தண்ணீரை வெளியே வீசும் வகை. என்ஜின் சுழற்சி கியர்பாக்ஸிலிருந்து, அதைப் பம்புக்குப் பிரித்துக் கொடுக்கும் பி.டி.ஓ. என்ற இணைப்பு வழியாக வரும். நிமிடத்துக்கு 1,800 லிட்டர், சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தம் என்பது நம் நாட்டுத் தண்ணீர் வண்டிகளில் வழக்கமான கணக்கு. இந்த வகை பம்பால் காற்றை இழுக்க முடியாது. வீட்டுக் கிணற்று மோட்டாரில் ஏர் பிடித்தால் தண்ணீர் ஊற்றித்தானே எடுக்கிறோம், அதே கதைதான். குளத்திலோ கிணற்றிலோ குழாயைப் போட்டு உறிஞ்ச வேண்டும் என்றால், முதலில் உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றியாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது ப்ரைமர். சில வண்டிகளில் என்ஜின் புகையை ஒரு வால்வால் திருப்பி, அது பாயும் வேகத்தில் பம்புக் காற்றை இழுக்க விடுவார்கள். சிலவற்றில் தனியாக ஒரு சின்ன பிஸ்டன் பம்போ, தண்ணீர் வளைய பம்போ இருக்கும். எந்த வகை என்று தெரிந்துகொண்ட பிறகு கை வையுங்கள்.

முதல் வேலை, என்ஜினைக் கிளப்பாமல் பம்பின் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்ப்பது. சுற்றவில்லை என்றால் பலவந்தம் கூடாது. எண்ணெய் விட்டு ஊற வையுங்கள், நாள் ஆகட்டும். இம்பெல்லர் பெரும்பாலும் கன்மெட்டல் என்ற வெண்கல வகை, துருப்பிடிக்காது. ஆனால் வெளிக் கூடு வார்ப்பிரும்பாக இருந்தால் துரு வந்து இரண்டையும் ஒட்டிப் போட்டிருக்கும். சுத்தியலால் அடித்தால் கூடு உடையும். உடைந்த வார்ப்பிரும்பை ஒட்ட வைப்பது லேசான காரியம் அல்ல.

சுற்ற ஆரம்பித்த பிறகு வெற்றிடச் சோதனை. தண்ணீர் வெளியேறும் டெலிவரி வால்வுகள் எல்லாவற்றையும் மூடி, தண்ணீரை உறிஞ்சும் சக்‌ஷன் வாயில் மூடியைத் திருகி, ப்ரைமரை ஓட விடுங்கள். பம்பின் மேல் இருக்கும் மீட்டரில் முள் வெற்றிடப் பக்கம் இறங்கும். அமெரிக்கச் சோதனை முறையில் பாதரச அளவில் 22 அங்குலம் வரை இறங்க வேண்டும், ப்ரைமரை நிறுத்திய பிறகு 5 நிமிடத்தில் 10 அங்குலத்துக்கு மேல் நழுவக் கூடாது. நம் வண்டிக்கும் அந்த அளவை வைத்துக்கொள்ளலாம். முள் சட்டென்று நழுவினால் எங்கோ காற்று நுழைகிறது. ஒரு டப்பா ஷேவிங் நுரை வாங்கி ஒவ்வொரு ஜாயிண்டிலும் தடவுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை உள்ளே இழுபட்டுக் குழி விழும். முதல் முறை செய்யும்போது ஐந்தாறு இடத்தில் குழி விழுவது சகஜம். பெரும்பாலும் மிச்சத் தண்ணீரை வடிக்கும் சின்னத் திருகு குழாயும், மீட்டருக்குப் போகும் மெல்லிய செப்புக் குழாயும்தான் குற்றவாளிகள். காற்று மண்டலத்தின் அழுத்தம் தண்ணீரை அதிகபட்சம் 10 மீட்டர் சொச்சம்தான் தூக்கும். நடைமுறையில் 7 மீட்டர் கிடைத்தால் பம்பு நல்ல பம்பு.

ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில், அதைச் சுற்றி அடைக்கும் கிளாண்ட் என்ற கூடு இருக்கும். அதற்குள் கிராஃபைட் பூசிய கயிறு வளையம் வளையமாக இருக்கும், காய்ந்து கட்டையாகிக் கிடக்கும் அதைக் கொக்கிக் கம்பியால் தோண்டி எடுத்துவிட்டுப் புதிது வையுங்கள். வெட்டு வாய்கள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி மாற்றி மாற்றி வைக்க வேண்டும். பம்பு ஓடும்போது அங்கே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஒழுகும், ஒழுகத்தான் வேண்டும். அந்தச் சொட்டுதான் ஷாஃப்டைக் குளிர வைக்கிறது. ஒழுகுகிறதே என்று ஸ்பேனரை எடுத்து இறுக்குகிறவர்கள் கையில் பம்பைக் கொடுக்காதீர்கள்.

தண்ணீர் டேங்கை ஒரு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். இரும்பு டேங்க் என்றால் மேல் பாகம்தான் முதலில் போகும், தண்ணீரும் காற்றும் மாறி மாறிப் படும் இடம் அது. உள்ளே குறுக்குத் தடுப்புத் தகடுகள் இருக்கும். டேங்கைப் புதிதாகச் செய்தால் அதையும் அதே மாதிரி வையுங்கள். 1,000 லிட்டர் என்றால் 1 டன். தடுப்பு இல்லாத அரை டேங்க் தண்ணீர் வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியையே கவிழ்த்துவிடும். ஓட்டிக்கொண்டு போகும்போது டேங்க் காலியாகவே இருக்கட்டும். ஓட்டுபவருக்குக் கனரக லைசென்ஸும், கியர் மாற்ற கிளட்சை இரண்டு முறை மிதிக்கும் டபுள் கிளட்ச் பழக்கமும் இருக்க வேண்டும்.

உதிரிகளுக்குச் சென்னையை விடத் தோதான ஊர் குறைவு. புதுப்பேட்டையில் டைனமோ, அதற்கான கட்அவுட் ரிலே, விளக்குக் கூடு, கதவுக் கைப்பிடி என்று தோண்டத் தோண்டக் கிடைக்கும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் பேரிங், சீல், பிரேக் சாமான்கள். அளவு எடுத்துக்கொண்டு போனால் அம்பத்தூர், கிண்டி எஸ்டேட்டுகளில் லேத்காரர்கள் எதையும் கடைந்து தருவார்கள். இம்பெல்லரே போய்விட்டது என்றால் கோயம்புத்தூர்தான். பம்புக்குப் பேர்போன ஊர், ஒற்றை இம்பெல்லருக்கு மர அச்சு செய்து வார்த்துத் தருகிற பட்டறைக்காரரை அங்கே பிடிக்கலாம். மணி காணாமல் போயிருந்தால், அது முதலில் காணாமல் போகும் சாமான், கும்பகோணம், நாச்சியார்கோவில் பக்கம் வெண்கலத்தில் வார்த்து வாங்குங்கள். பித்தளையில் செய்தால் மலிவு, ஆனால் நாதம் வராது.

ஓஸ் விஷயத்தில் நமக்கு ஒரு கொடுப்பினை. நம் தீயணைப்புத் துறை பிரிட்டிஷ் வழக்கத்தைப் பின்பற்றியதால், மரை திருகாமல் தள்ளினாலே பூட்டிக்கொள்ளும் 63 மில்லிமீட்டர் இன்ஸ்டன்டேனியஸ் கப்ளிங்தான் அன்றும் இன்றும். போன வாரம் வாங்கிய புது ஓஸ், 60 வருடத்துப் பழைய டெலிவரியில் 'டக்' என்று உட்காரும். அமெரிக்காவில் ஊருக்கு ஊர் மரை வேறு. 1904-இல் பால்டிமோர் நகரம் பற்றி எரிந்தபோது, வாஷிங்டனிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் உதவிக்கு வந்த வண்டிகளின் ஓஸ்கள் அந்த ஊர் ஹைட்ரண்டில் (தெருவோரத் தீயணைப்புக் குழாயில்) பொருந்தாமல் தவித்தார்கள். வண்டியோடு பழைய கேன்வாஸ் ஓஸ் கிடைத்தால் அதைச் சுருட்டிக் காட்சிக்கு வையுங்கள், அழுத்தம் கொடுக்காதீர்கள். வெடித்தால் கப்ளிங் பாய்ந்து வந்து காலை உடைக்கும். டெமோவுக்குப் புது ஓஸ், அதுவும் முடிந்ததும் முழு நீளத்துக்குத் தொங்கவிட்டுக் காய வைக்க வேண்டும். நம் ஈரப்பதத்தில் மடித்து வைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை.

இப்போது பெயிண்ட். இந்திய நிறத் தர அட்டையில் 536-ஆம் எண் 'ஃபயர் ரெட்', 537 'சிக்னல் ரெட்', 538 'போஸ்ட் ஆபீஸ் ரெட்'. கடைக்காரர் மூன்றையும் சிவப்பு என்றுதான் சொல்வார், பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஆனால் அட்டையைப் பார்த்து முடிவெடுப்பதற்கு முன்னால் உங்கள் வண்டியைக் கேளுங்கள். கருவிப் பெட்டிக் கதவின் உள்பக்கம் மாதிரி வெயில் படாத ஓர் இடத்தில் வாட்டர் பேப்பரை நனைத்து, உள்ளங்கை அளவுக்கு மெதுவாகத் தேயுங்கள். மேல் சிவப்பு போய், அதன் அடியில் இன்னொரு சிவப்பு, பிறகு சாம்பல் நிற அடிப்பூச்சு, சில வண்டிகளில் நடுவே பச்சையோ நீலமோ கூட வரும். பக்கவாட்டில் இப்படித் தேய்க்கும்போது பழைய எழுத்துகள் எழும்பி வரும். மில்லின் பெயர், வண்டி எண், கையால் இழுத்த மஞ்சள் கோடு. அதை முதலில் படம் எடுங்கள், பிறகு டிரேசிங் பேப்பரில் நகல் எடுங்கள். ஸ்டிக்கர் ஒட்டாமல், அந்த நகலை வைத்து ஒரு போர்டு ஆர்ட்டிஸ்டிடம் பிரஷ்ஷால் எழுதச் சொல்லுங்கள். ஃப்ளெக்ஸ் வந்து வேலை போன கைகள் சென்னையில் நிறைய இருக்கின்றன, ஆசையோடு வருவார்கள்.

உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், தூசி நுரையீரலுக்குப் போகும். பழைய பிரேக் லைனிங்கிலும் சைலன்சரைச் சுற்றிய துணியிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். ஏர் அடித்துச் சுத்தம் செய்யக் கூடாது, நனைத்துத் துடைக்க வேண்டும். டிங்கர் பையனுக்கும் ஒரு நல்ல முகமூடி வாங்கிக் கொடுங்கள்.

எவ்வளவு தூரம் புதுப்பிப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா கொண்டுவந்த டூரின் சாசனம், பழையதைக் காப்பாற்றுவதே முதல் கடமை, மாற்றுவது கடைசி வழி என்கிறது. நான் அந்தப் பக்கம். ஏணி உரசி உரசித் தேய்ந்த பித்தளை உருளையை மெருகேற்றலாம், மாற்றக் கூடாது. ஃபுட்போர்டில் பூட்ஸ் தேய்த்த பள்ளத்தைப் பட்டி வைத்து நிரப்பினால், வண்டியில் ஆட்கள் நின்ற அடையாளம் போய்விடும். மர ஏணிக்கு வார்னிஷ் அடியுங்கள். பெயிண்ட் அடித்தால் மரத்தில் விழுந்த விரிசல் மறைந்துவிடும். அது வெறும் காட்சிக்குத்தான் என்றாலும், யாராவது ஒருவர் ஏறியே தீருவார்.

கண்காட்சி என்று வந்தால், சென்னையில் ஹிஸ்டாரிக்கல் கார் அசோசியேஷன் ஆஃப் இந்தியா, மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் ஆகிய சங்கங்கள் இருக்கின்றன. வண்டி முடிவதற்கு முன்பே போய்ப் பழகிக்கொள்ளுங்கள்; பாதி உதிரிகள் அந்தப் பழக்கத்தில்தான் கிடைக்கும். கார்களுக்கு நடுவே தீயணைப்பு வண்டி நிற்கலாமா என்ற தயக்கம் வேண்டாம். டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கும் 1914-ஆம் வருடத்து ஜான் மோரிஸ் வண்டி, மான்செஸ்டரில் செய்து நிஜாம் ரயில்வேயில் வேலை பார்த்தது, ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையின் பழைய கார் பேரணியில் ரோல்ஸ் ராய்ஸ்களோடு சேர்ந்து ஓடிய வண்டி. கூட்டம் எதைச் சுற்றி நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு நல்ல தருணம் ஏப்ரல் 14 முதல் 20 வரை வரும் தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் வெடித்து, 66 தீயணைப்பு வீரர்கள் இறந்ததன் நினைவாகக் கடைப்பிடிப்பது. அந்த வாரத்தில் பள்ளிகளிலும் தொழிற்சாலைகளிலும் நிகழ்ச்சிகள் நடக்கும். உங்கள் பகுதி நிலைய அலுவலரைப் பார்த்து முன்கூட்டியே பேசுங்கள். அங்கே ஓய்வுபெற்ற டிரைவர் மெக்கானிக் யாராவது கிடைத்தால் விடாதீர்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சங்கதி அவர் கையில் இருக்கும். பம்பின் சத்தத்தைக் கேட்டே "சார், காத்து இழுக்குது" என்று சொல்லிவிடுவார்.

தண்ணீர் அடித்துக் காட்டும்போது மட்டும் கொஞ்சம் நாசூக்கு வேண்டும். 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற ஊர் இது; நல்ல தண்ணீரைத் தெருவில் பீய்ச்சினால் கைதட்டலுக்குப் பதில் வசவுதான் கிடைக்கும். தார்ப்பாய்த் தொட்டி ஒன்றை விரித்து, அதிலிருந்தே உறிஞ்சி அதிலேயே அடிக்கலாம். உறிஞ்சுவதுதான் வேடிக்கையே. ப்ரைமர் ஓடும்போது சில நொடிகள் ஒன்றும் நடக்காது, சக்‌ஷன் ஓஸ் லேசாக உதறும், மீட்டர் முள் துள்ளும், அப்புறம் ஓஸ் முனையில் இருக்கும் நாசிலில் காற்று செருமிவிட்டுத் தண்ணீர் பாயும். 2 கிலோ அழுத்தம் போதும். 7 கிலோவில் பழக்கம் இல்லாதவர் கையில் நாசிலைக் கொடுத்தால் அவர் கீழே விழுவார். நிற்கும்போது சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், என்ஜினுக்கு அடியில் எண்ணெய்த் தட்டு வையுங்கள், குழந்தைகளை மணி அடிக்க விடுங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு மலைப்பாக இருந்தால், டிரெய்லர் பம்பில் ஆரம்பிக்கலாம். பின்னால் கட்டி இழுக்கும் இரண்டு சக்கர வண்டியில் ஒரு என்ஜினும் பம்பும், கார் நிறுத்தும் இடத்தில் அடங்கிவிடும். கவென்ட்ரி கிளைமாக்ஸ் என்ற பெயர்த்தகடு கண்ணில் பட்டால் கொஞ்சம் நின்று பாருங்கள். அந்தக் கம்பெனி 1950 வாக்கில் எளிதாகத் தூக்கிச் செல்லும் தீயணைப்பு பம்புக்காக ஒரு அலுமினிய என்ஜின் செய்தது, 1,020 சிசி. அது எடை குறைவாகவும் துடிப்பாகவும் இருந்ததால் பந்தயக் கார் கம்பெனிகள் கேட்டு வாங்கி, லோட்டஸ், கூப்பர் கார்களில் வைத்து ஜெயித்தார்கள். நெருப்பணைக்கப் பிறந்த என்ஜின் பந்தயத்துக்குப் போன கதையைக் கண்காட்சியில் சொன்னால், கார்க்காரர்களும் வாயைப் பிளப்பார்கள்.

உங்கள் லேலண்டுக்கு வருகிறேன். ஆர்.சி. இருந்து, பம்பு கையால் சுற்றி, மூன்று தகடுகளும் இருந்தால் வாங்குங்கள். பாடி எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை. பம்பே இல்லை என்றால் விட்டுவிடுங்கள், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி. போகும்போது ஷெட்டின் மூலைகளையும் ஸ்டோர் ரூமையும் திறக்கச் சொல்லிப் பாருங்கள்: சக்‌ஷன் ஓஸ், அதன் வாயில் மாட்டும் வடிகட்டிக் கூடை, நாசில், ஹைட்ரண்ட் சாவி, ஏணியின் ஊன்றுகோல், மணி எல்லாம் வண்டியில் இருக்காது, தனியாகக் கிடக்கும். அவற்றையும் விலையில் சேர்த்து எழுதி வாங்கி, பணம் கொடுத்த அன்றைக்கே ஏற்றிவிடுங்கள். வண்டியை அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம். பித்தளைச் சாமான்களை நாளைக்கு வருகிறேன் என்று விட்டுவிட்டு வந்தால், அவை அதற்குள் காயலான் கடைத் தராசில் ஏறியிருக்கும்.